கச்சேரி ஸ்பீக்கரில் 'டப்' சத்தமா? படிப்படியாக அடக்கலாம்

காரைக்குடி வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றாலும், பெரிய வீட்டுக் கல்யாணம் என்றாலும், மெல்லிசை மேடையைச் சுற்றி சீரியல் செட் ஓடும்; பந்திக்கட்டில் கிரைண்டர் சுற்றும். பாடகி சன்னமாகப் பல்லவி எடுக்கும் நேரம் ஸ்பீக்கரில் 'டப்' என்று வெடித்தால் பாட்டே கெட்டுவிடுகிறது. விளக்குக்கும் ஒலிக்கும் மின்சாரத்தைப் பிரிப்பதுதான் முக்கால்வாசி வைத்தியம்.

முதலில் சத்தத்தை இனம் காணுங்கள். விட்டுவிட்டு வரும் 'டப்', சுவிட்ச் அல்லது ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி. விளக்கை மங்கலாக்கினால் 'ர்ர்ர்' என்று வருவது டிம்மர். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது நொடிக்கு 100 முறை வெட்டுகிறது. மிக்சரில் எல்லாச் சேனலையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால், எந்த வழியாக நுழைகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, மூன்று பேஸ் இருந்தால் ஒன்றை ஒலிக்கு மட்டும் ஒதுக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மிக்சர், ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு மூன்றுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுங்கள்; கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால் வரும் 'எர்த் லூப்' உறுமலும் குறையும்.

மைக் வயரையும் விளக்கு வயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். குறுக்கே போயே தீர வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மூன்று முனை மைக் வயரில் ஒலி போகும் இரண்டு கம்பியிலும் இரைச்சல் ஒரே அளவாக ஏறுவதால் மிக்சர் அதைக் கழித்துவிடும். கீபோர்டின் சாதாரண வயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைக் குட்டையாக வைத்து, பக்கத்திலேயே டிஐ பாக்ஸில் (கீபோர்டு ஒலியை மைக் வயருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) சொருகுங்கள்.

இன்னும் வெடித்தால், 'டப்' எழுப்பும் சுவிட்சின் முனைகளுக்குக் குறுக்கே, தீப்பொறியை அடக்கும் ஸ்னப்பர் போடலாம்: 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக இணைந்தது. கெபாசிட்டர் எக்ஸ்2 வகையாகவே (மெயின் மின்சாரத்தில் போடத் தகுந்த பாதுகாப்பு வகை) இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும். அணைத்த பிறகும் எல்இடி விளக்கு லேசாக மினுங்கினால் அது ஸ்னப்பர் வழியே கசியும் மின்சாரம்.

உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். கருவியில் கசிவு இருந்தால், கிட்டார்க்காரரின் உதடு மைக்கில் பட்டதும் ஷாக் அடிக்கும், உயிரே போகலாம். பழைய வளவு வீடுகளில் (முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடுகள்) எர்த் இல்லாத பிளக் பாயிண்ட்டுகளும் இருக்கக்கூடும் என்பதால், சோதித்த பிறகே சொருகுங்கள். துண்டிக்கத்தான் வேண்டுமென்றால், மின்சார எர்த்தை விட்டுவிட்டு ஒலி வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும், டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் போதும்.

பகலில் விளக்குகள் அணைந்திருக்கும்போது ஒலி பார்த்தால் பலனில்லை. சீரியல் செட், கிரைண்டர், மின்விசிறி எல்லாவற்றையும் ஓடவிட்டுக் கேளுங்கள்.