ஆஸ்டின் செவன்: பிரித்துப் போடாமல் ஓட வைப்பது எப்படி?

போருக்கு முந்தைய பிரிட்டிஷ் காரில் கை வைக்க ஆசைப்படும் புதியவர் என்னிடம் கேட்டால், ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி பக்கமே போகாதீர்கள் என்பேன். ஆஸ்டின் செவனில் ஆரம்பியுங்கள். ஹெர்பர்ட் ஆஸ்டின், ஸ்டான்லி எட்ஜ் என்ற பதின்ம வயது வரைவாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரைந்த கார் இது. 1922-ல் வெளியாகி 1939 வரை, பர்மிங்காம் அருகே லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஏறத்தாழ 2,90,000 கார்கள் தயாராயின. ஜெர்மனியில் லைசென்ஸ் வாங்கி 'டிக்ஸி' என்ற பெயரில் தயாரித்தார்கள். அந்தத் தொழிற்சாலையை வாங்கித்தான் பி.எம்.டபிள்யூ கார் தொழிலுக்குள் வந்தது. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் முதலில் கட்டிய பந்தய காரும் ஒரு பழைய செவன்தான்.

இந்தப் பெருமைகளுக்காக இதைச் சொல்லவில்லை. நாலு சிலிண்டர், 747 சிசி, சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும்) என்ஜின். ஆரம்பகால மாடல்களில் மொத்த எடையே 400 கிலோவுக்குள். இரண்டு பேர் சேர்ந்தால் என்ஜினைக் கையாலேயே தூக்கி இறக்கலாம். தேய்ந்துபோகும் சாமான் ஏறக்குறைய எல்லாமே இன்றும் பிரிட்டனில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஊருக்கு ஊர் கிளப் உண்டு. 1939-ல் தொடங்கிய 750 மோட்டார் கிளப்பே இந்த காரைச் சுற்றி வளர்ந்ததுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: வாங்கிய காரை முழுசாகப் பிரிக்காதீர்கள். பிரிட்டனில் ஏலத்திலும் விளம்பரத்திலும் 'பாதி முடிந்த ப்ராஜெக்ட்' என்று வரும் கார்களைப் பாருங்கள். சேஸ் ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம், பத்துப் பெட்டி நிறைய நட்டு போல்ட்டு. எல்லாம் உற்சாகத்தில் பிரித்து, சேர்க்கத் தெரியாமல் விட்டவை. முதலில் ஓட வையுங்கள், அடுத்து நிற்க வையுங்கள். பெயின்டும் பளபளப்பும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: வாங்கும்போது எங்கே பார்ப்பது

சேஸ் நம்பரும் ரெஜிஸ்ட்ரேஷன் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். 40 வயது கடந்த கார் என்பதால் பிரிட்டனில் சாலை வரி கட்ட வேண்டியதில்லை, எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் கார் ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான்.

அடுத்து என்ஜின் பிளாக். இங்கிலாந்துக் குளிரில் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால், அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பு பிளாக்கைப் பிளந்திருக்கும். வெளிப்பக்கம் நீளவாக்கில் முடி போன்ற கோடோ, அதன்மேல் பூசி மறைத்த தடமோ தெரிந்தால் விலையைக் குறையுங்கள்.

மூன்றாவது, மரம். பெரும்பாலான மாடல்களில் தகடுக்கு உள்ளே ஆஷ் மரச் சட்டம்தான் பாடியைத் தாங்குகிறது. கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கீலோடு சேர்ந்து தூணும் ஆடினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது. என்ஜின் வேலையைவிட மரவேலைக்குத்தான் காசும் காலமும் அதிகம் பிடிக்கும். முதல் கார் என்றால், மட்கார்டு நசுங்கி, பெயின்ட் உரிந்து, ஆனால் மரம் கெட்டியாக இருப்பதை எடுங்கள்.

படி 2: ஸ்பேனர்

இங்கேதான் புதியவர்கள் காரைக் கெடுக்கிறார்கள். இந்த காரில் மெட்ரிக் போல்ட் கிட்டத்தட்ட கிடையாது. விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரிட்டிஷ் மறைகள்தான். இந்த ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண் ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல, போல்ட் தண்டின் விட்டம். கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர் இருக்கும். அதே ஸ்பேனர் 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கும் பொருந்தும். உங்கள் பெட்டியில் இருக்கும் 13 ஏறாது. 14 ஏறும், ஆனால் ஆடும். இரண்டு முறை இழுத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். தொண்ணூறு வருடம் தாக்குப்பிடித்த நட்டை ஒரே நாளில் வீணாக்காதீர்கள். பழைய சாமான் சந்தைகளில் விட்வொர்த் செட் மலிவாகவே கிடைக்கும்.

கூடவே வேண்டியவை: ஃபீலர் கேஜ், கிரீஸ் கன், நல்ல ஜாக்கி, அச்சுக்குக் கீழே வைக்க ஸ்டாண்டுகள், தீயணைப்பான். எதைக் கழற்றுவதற்கு முன்னும் போட்டோ எடுங்கள். கழற்றிய நட்டை அதே போல்ட்டில் திரும்ப மாட்டி வையுங்கள்.

பழைய பிரேக் லைனிங், என்ஜின் பேக்கிங் இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியை ஊதவே கூடாது. தகுந்த முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி, உள்ளாட்சி சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.

படி 3: என்ஜின் சுற்றுகிறதா?

பல வருடம் நின்ற காரில் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, இரண்டு நாள் சும்மா விடுங்கள். பிறகு முன்னாலிருந்து ஹேண்டிலைப் போட்டு மெதுவாக அழுத்துங்கள். அசையவில்லை என்றால் டாப் கியரில் போட்டு காரை முன்னும் பின்னும் லேசாக ஆட்டலாம். வேறொரு வண்டியில் கட்டி இழுக்கக் கூடாது. காரணம், 1936 வரை வந்த செவன்களில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டே பேரிங்தான், நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. அந்த மெல்லிய ஷாஃப்ட்டில் வயசான விரிசல் இருக்கக்கூடும். என்றைக்காவது என்ஜினைப் பிரிக்க நேர்ந்தால், முதலில் கிராங்க்கை விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். விரிசல் விட்டதை மறுபடி மாட்டுவது பணத்தைச் சாக்கடையில் கொட்டுவதற்குச் சமம்.

சுற்ற ஆரம்பித்ததும் வால்வுகளைக் கவனியுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கும், வால்வைத் தள்ளும் டேப்பெட்டும் கண்ணெதிரே தெரியும். துருவில் ஒட்டிக்கொண்ட வால்வு மேலேயே நிற்கும், இறங்காது. தண்டில் எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டித் தட்டி இறக்குங்கள். எட்டு வால்வும் தாராளமாக ஏறி இறங்கிய பிறகு, வால்வுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே இடைவெளி பாருங்கள்: 0.004 முதல் 0.006 அங்குலம்.

படி 4: ஆயில் ஜெட்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இன்றைய காரில் பம்ப் அழுத்தத்தோடு ஆயிலைப் பேரிங்குக்குள் தள்ளும். செவனில் அப்படி இல்லை. கிராங்க் கேஸுக்குள் இரண்டு நுண்ணிய ஜெட்டுகள் இருக்கின்றன. பம்ப் ஆயிலை அவற்றின் வழியே பீச்சும். அந்த நூல் போன்ற தாரை, சுழலும் கிராங்க்கின் விளிம்பில் குடைந்திருக்கும் பள்ளத்தில் விழும். அங்கிருந்து சுழற்சியின் வேகமே ஆயிலை வெளிப்பக்கம் தள்ளி பிக் எண்ட் பேரிங்கில் (பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) சேர்க்கும். அதனால்தான் இந்த காரில் ஆயில் அழுத்தம் சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவு. என்ஜின் சூடான பிறகு கேஜ் ஓரிரு பவுண்டு காட்டினாலே போதும். பழைய மாடல்களில் கேஜ்கூட இல்லை. ஆயில் ஓடினால் டாஷ்போர்டில் ஒரு பொத்தான் வெளியே துருத்தி நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு துளி கசடு ஜெட்டை அடைத்தால் இரண்டு பிக் எண்ட் பட்டினி. எந்த இரண்டு என்பது, பேரிங்கில் பூசிய ஒயிட் மெட்டல் உருகிச் சத்தம் போட்ட பிறகுதான் தெரியும். ஆகவே:

1. பழைய ஆயிலை வடித்து, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தட்டைக் கழற்றி, அடியில் படிந்த கறுப்புக் களிம்பைச் சுரண்டி எடுங்கள். கம்பி வலை ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசுங்கள். இந்த காரில் ஃபில்டர் என்று இருப்பது அந்த வலை மட்டும்தான்.
2. கிராங்க் கேஸின் பக்கவாட்டில் ஜெட்டுகளுக்கு நேரே இரண்டு சிறு பிளக்குகள் இருக்கும். கழற்றி, மெல்லிய கம்பியால் ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். துளையைப் பெரிதாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரில் பிட் வேண்டாம்.
3. புது ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இல்லாமலே ஹேண்டிலைச் சுற்றுங்கள். கேஜ் அசையும் வரை, அல்லது பொத்தான் வெளியே வரும் வரை விடாதீர்கள்.

என்ன ஆயில் என்று கேட்டால் கிளப்பில் சண்டையே வரும். என் கருத்து இது: உள்ளே பிரித்துச் சுத்தம் செய்யாத என்ஜினுக்கு டிடர்ஜென்ட் இல்லாத எஸ்.ஏ.இ. 30. டிடர்ஜென்ட் ஆயில், ஐம்பது வருடமாக ஒட்டிக் கிடந்த கசடைக் கரைத்து நேராக ஜெட்டுக்கு அனுப்பிவிடும். முழுசாகச் சுத்தம் செய்து கட்டிய என்ஜின் என்றால் நல்ல 20டபிள்யூ-50 ஊற்றலாம்.

படி 5: தீப்பொறி, பெட்ரோல், தண்ணீர்

தீப்பொறிக்கு 1928 கடைசி வரை மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்குவது), அதற்குப் பிறகு பேட்டரியில் ஓடும் காயில். காயில் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை 0.012 அங்குலம் வையுங்கள். கண்டென்சரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் புதிது போடுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. மேக்னெட்டோ செத்திருந்தால் வீட்டில் நோண்ட வேண்டாம், அதற்கென்று இருக்கும் ஆட்களிடம் கொடுங்கள்.

பழைய மாடல்களில் பெட்ரோல் டேங்க் டாஷ்போர்டுக்கு முன்னால், பானெட்டுக்குள் இருக்கும். பெட்ரோல் தானாகவே இறங்கும், பம்ப் தேவையில்லை. உட்காருபவரின் முழங்காலுக்கு எதிரே பெட்ரோல் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். டேங்க்கைக் கழற்றி, துருவை அலசி, டேப்பையும் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். 2021 முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றால் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரையும் கார்க்கையும் அது அரிக்கும். ஈ5 வகை சூப்பர் பெட்ரோல் போடுங்கள், குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். ஜெனித் கார்புரேட்டர் எளிமையானது. ஜெட்டுகளைக் கழற்றி ஊதி, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று காதருகே குலுக்கிப் பாருங்கள்.

தண்ணீருக்கும் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலேறி, ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்கும். மேல் குழாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் இந்தச் சுற்று நின்றுவிடும், அதோடு என்ஜின் கொதிக்கும். பிளாக்கின் பின்பக்கத்தில் சேறு படிந்திருக்கும்; பக்கவாட்டுத் தண்ணீர்க் குழாயைக் கழற்றி கம்பியால் கிளறி வெளியே எடுங்கள். குளிர் வருவதற்குள் ஆன்டிஃப்ரீஸ் கலந்துவிடுங்கள்.

படி 6: முதல் ஸ்டார்ட்

வெளியே திறந்த இடத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். இக்னிஷன் லீவர் இருந்தால் ரிடார்டில், அதாவது தீப்பொறி தாமதமாக வரும்படி, வையுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரல் மற்ற நாலு விரல்களின் பக்கமே இருக்கட்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், என்ஜின் எதிர்த்து உதைக்கும்போது கட்டை விரல் போகும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அழுத்த வேண்டாம். பிடித்துக்கொண்டதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில். சில நொடிகளில் கேஜ் அசையவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

படி 7: நிற்க வைப்பது

ஓடுவதைவிட நிற்பதில்தான் செவன் பலவீனம். பிரேக் முழுக்க கேபிளும் கம்பியும். 1930 வாக்கில் மாற்றும்வரை, கால் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும். முன் சக்கரங்கள் கை பிரேக்குக்கு. அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். பிசிறு விட்ட கேபிள்களை மாற்றி, ஷூக்களுக்குப் புது லைனிங் ஒட்ட வைத்து, டிரம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுங்கள். சரிக்கட்டும்போது இடது வலது சமமாக வருவதே முக்கியம்; பிடிப்பு எவ்வளவு என்பதைப் பிறகு பார்க்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டி, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் புஷ் ஆட்டத்தையும் பாருங்கள். டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கம் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். பேட்டரி கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகும், சுற்றாது. துணி சுற்றிய பழைய வயர்கள் நொறுங்கியிருந்தால் மொத்தமாக மாற்றி, ஒரு ஃபியூஸும் பேட்டரி கட் ஆஃப் ஸ்விட்சும் சேர்த்துவிடுங்கள். அசல் மாறிவிட்டதே என்று யாராவது வந்து சொல்வார்கள். சொல்லட்டும்.

படி 8: ஓட்டுவது, பராமரிப்பது

செவன் கிளட்ச் பிரசித்தம். மிதி நகரும் தூரமே கொஞ்சம்தான், அதற்குள் சட்டென்று பிடிக்கும். ஐடிலைச் சற்றே கூட்டி வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் மிதியை விடுங்கள். கார் நகர்ந்த பிறகு ஆக்ஸிலரேட்டர். 1932 வரை மூன்று கியர், கியரை வேகம் ஒத்துச் சேர வைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது, டபுள் கிளட்ச் (ஒரு கியர் மாற்றத்துக்கு இரண்டு முறை கிளட்ச்) போட வேண்டும். காலி மைதானத்தில் ஒரு மதியம் செலவழித்தால் கை வந்துவிடும்.

பராமரிப்பில் என் பழக்கம் இது. ஒவ்வொரு முறை எடுக்கும் முன் ஆயில், தண்ணீர், பிரேக். ஐந்நூறு மைலுக்கு ஒருமுறை எல்லா கிரீஸ் நிப்பிளுக்கும் கிரீஸ், அதில் முன் அச்சையும் ஸ்டீயரிங்கையும் விட்டுவிடக் கூடாது. ஃபில்டர் இல்லாத என்ஜின் என்பதால் ஆயிலையும் ஆயிரம் மைலுக்குள் மாற்றிவிடுவேன், அப்போதே ஜெட்டுகளையும் குத்திவிடுவேன். பின் ஹப் நட்டுகளை வருடத்துக்கு ஒருமுறையாவது நன்றாக முறுக்கிப் பாருங்கள். அவை தளர்ந்தால் ஹப் ஷாஃப்ட்டின் மேல் அசைந்து, இரண்டையும் பூட்டி வைக்கும் சாவித் துண்டு அறுந்து, கடைசியில் ஷாஃப்ட்டே முறியும். அப்போது சக்கரம் தனியாகப் போகும்.

ஒரு வருடம் இப்படி ஓட்டியபின் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கதவு எப்போது நெரிகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மரவேலை, சீட், பெயின்ட் பட்டியலை அப்போது போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான், அதுவும் குளிர்காலத்தில். கோடைக்கு கார் ரோட்டில் இருக்க வேண்டும்.