கூடத்தின் வெளிச்சத்தை முதலில் மாற்றுங்கள்

கூடத்தை இதமாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் புதிய சோபாவைத் தேடிப் போகிறார்கள். ஆனால், மாலை நேரத்தில் அந்த அறையை மருத்துவமனை வராந்தாவைப் போல வெளிறச் செய்வது, பல வீடுகளில் சுவரின் உச்சியில் எரியும் ஒற்றை டியூப்லைட்தான்.

எல்.இ.டி. பல்பு வாங்கும்போது அதன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைக் கவனியுங்கள். 6500 என்றிருந்தால் நீலம் கலந்த வெண்மை. 2700 முதல் 3000 வரை என்றிருந்தால் பழைய குண்டு பல்பை ஒத்த இளமஞ்சள் ஒளி. டியூப்லைட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிள்ளைகள் படிப்பதற்கும் அரிசியில் கல் பொறுக்குவதற்கும் அது தேவை. அதனுடன் ஒரு மூலையில் துணிக்கூடு போட்ட விளக்கொன்றை, பல்பு கண்ணில் நேராகப் படாதபடி, சற்றுத் தாழ்வாக வைத்து, விருந்தினர் வரும் வேளையில் அதை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, எதிரில் இருப்பவரின் முகத்தில் மென்மையாக விழும்.

நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், இரண்டு பேர் குரலை உயர்த்தாமல் பேசும் தூரத்துக்கு இழுத்து, நடுவில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரிக்கலாம். வெறும் டைல்ஸ் தரையில் எழும் எதிரொலியும் ஓரளவு அடங்கும். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால், இறக்கைகளின் நிழல் ஓயாமல் சுவரில் ஓடி அமைதியைக் கெடுக்கும் என்பதால், அதை அவசியம் இடம் மாற்றிவிடுங்கள்.