எழுந்து நிற்கும் பலம்: அறுபதைத் தாண்டியவர்களுக்கான பயிற்சி முறை

கோபி பக்கம் தோட்டத்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 71. விடிந்ததும் வாய்க்கால் மேட்டில் அரை மணி நேரம் தவறாமல் நடப்பவர், கயிற்றுக் கட்டிலிலிருந்து எழ வேண்டுமென்றால் மட்டும் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முதல்முறை முடியாமல் உட்கார்ந்து, மறுமுறைதான் எழுவார். "எந்திரிக்கறதுக்குத்தான் கண்ணு மலைப்பா இருக்குது, எந்திரிச்சுட்டா நடந்துக்குவேன்" என்று அவர் சொன்னபோதுதான் நடை மட்டும் போதாது என்பது எனக்கு உறைத்தது.

நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் உடலின் எடையைத் தூக்கி நிறுத்தும் தொடைத் தசைக்கு அது போதிய வேலை தருவதில்லை. அந்தத் தசையோ முப்பது வயதுக்குமேல் சிறிது சிறிதாகவும், அறுபதுக்குமேல் வேகமாகவும் குறைகிறது. கட்டுத்தரையில் குனிந்து சாணம் வழித்து, குந்தி அமர்ந்து பால் கறந்து, தரையில் உட்கார்ந்து உண்டு எழுந்த காலத்தில் தொடைக்கு நாள் முழுதும் வேலை இருந்தது. நாற்காலியும் சாப்பாட்டு மேசையும் வந்த வீடுகளில் அந்த வேலையை நாமே தேடித் தர வேண்டியிருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிட நடையுடன், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

முதலில் இருக்கும் பலத்தை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு (கயிற்றுக் கட்டில் தொய்வதால் இதற்கு ஆகாது), கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுக்குள் ஆண்களுக்கு 12க்கும் பெண்களுக்கு 10க்கும் குறைந்தால், கால் பலம் அந்த வயதுக்குரிய அளவில் இல்லை என்று பொருள். அம்மா 7 முறை எழுந்தார்.

இந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும். பாதங்களைச் சற்று உள்ளிழுத்து, மார்பை முன்னே சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். உட்காரும்போது பொத்தென்று விழாமல், மனதுக்குள் நான்கு எண்ணியபடி மெதுவாக இறங்க வேண்டும். இந்த இறக்கத்தைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள்; மெதுவாக இறங்கும்போதும் தொடை உழைக்கிறது. எட்டுப் பத்து முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். எழவே முடியாவிட்டால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம்.

திண்ணைத் தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதும், சமையல் மேடையோரம் ஒரு பாதத்துக்கு முன்னே மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடிகள் நிற்பதும் கூடவே வேண்டும். தொடையில் ஓரிரு நாள் வலி இருப்பது இயல்பு. மூட்டு வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வயதாகிவிட்டது, இனி எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்திலிருந்த தொண்ணூறு வயதுக்காரர்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்து, கால் பலத்தைச் சராசரியாக 174 விழுக்காடு கூட்டிக்கொண்டார்கள்.

பயிற்சியோடு புரதமும் வேண்டும். கொள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருப்பதால், கொள்ளுப் பருப்பைக் குளிர்காலத்துக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தரையிலிருந்து எழும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, கட்டிலருகே தவழ்ந்து, அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலமான காலை முன்வைத்து எழ வேண்டும். முதல் சில நாள்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். அவர் கை கொடுத்துத் தூக்காமல், காத்து நின்றாலே போதும்.