ஒரே சந்து, ஒரே டிபியா? கிருமியின் ஜீனோமை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வியாசர்பாடியில் ஒரே சந்தில் இரண்டு பேருக்கு டிபி வந்தால், "இவர்கிட்டேருந்துதான் அவருக்கு ஒட்டியிருக்கும்" என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிடும். உண்மையா என்று கிருமியையே கேட்கலாம்: இருவரின் கிருமிகளுடைய ஜீனோமை, அதாவது டிஎன்ஏ எழுத்துகளின் முழு வரிசையை, ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோடிங் தெரிய வேண்டாம், லேப்டாப் போதும்.

முதலில் ஜீனோம் தரவை அலச உதவும் கேலக்ஸி என்ற இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். வேலையெல்லாம் அவர்கள் சர்வரில் நடப்பதால், தண்டையார்பேட்டையில் மத்தியானம் கரண்ட் போனாலும் கவலையில்லை.

அடுத்து தரவு. ஐரோப்பிய நியூக்ளியோடைடு காப்பகத்தில் டிபி கிருமியின் இல்லுமினா (ஜீனோமைத் துண்டு துண்டாகப் படிக்கும் இயந்திரம்) தரவுகளைத் தேடி, இரண்டு மாதிரிகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1, 2 என முடியும் இரண்டு கோப்புகள் இருக்கும். இறக்க வேண்டாம், சுட்டியை கேலக்ஸியில் ஒட்டினாலே போதும். பழகும்போது பொதுத்தரவு மட்டும்தான். தெரிந்த நோயாளியின் கோப்பை ஏற்றவே கூடாது.

கேலக்ஸியில் உள்ள ஃபாஸ்ட்க்யூசி கருவியில் தரவின் தரம் பாருங்கள். மதிப்பு 30 என்றால் 1000 எழுத்துக்கு ஒரு பிழை. துண்டுகளின் கடைசியில் தர வரைபடம் சரிவது சகஜம், அந்த நுனியை ஃபாஸ்ட்பி என்ற கருவி வெட்டிவிடும்.

அப்புறம், கிருமி எந்த மருந்துக்கு அடங்காது என்று பார்க்கும் டிபி-புரொஃபைலர். சுமார் 44 லட்சம் எழுத்துள்ள எச்37ஆர்வி என்ற மூல ஜீனோமோடு இது ஒப்பிடும். முடிவில் ஆர்பிஓபி ஜீன் வரியைத் தேடுங்கள். அதன் புரதத்தில் 450-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் போய் லியூசின் வந்திருந்தால், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்து வேலை செய்யாது. ஒரே ஒரு எழுத்து மாறியதன் விளைவு அது! கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்து, மருந்து போட்டுப் பார்த்து இதைச் சொல்ல வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் மாத்திரையை மாற்றுவது டாக்டர் வேலை.

சரி, சந்து விவகாரத்துக்கு வருவோம். இரண்டு மாதிரிகளையும் ஸ்னிப்பி என்ற கருவியில் அதே மூலத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணுங்கள். பிஇ, பிபிஇ ஜீன்களைக் கணக்கில் சேராமல் மறைக்க மறக்காதீர்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பகுதிகள் அவை, பொய் வித்தியாசம் காட்டும். நான் முதல் தடவை அதை விட்டுவிட்டு, நெருங்கிய சொந்தங்களைத் தூரத்து உறவாக்கினேன்.

இந்தக் கிருமியில் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு ஓர் எழுத்துதான் மாறும். அதனால் வித்தியாசம் 5-க்குள் இருந்தால் சமீபத்தில் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். 12-ஐத் தாண்டினால் சந்தின் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. இடையில் விழுந்தாலோ, யார் யாருக்குக் கொடுத்தார் என்று தெரியவேண்டுமென்றாலோ, யாருக்கு எப்போது இருமல் ஆரம்பித்தது என்று வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.