கிளவுட் தரவுத்தளத்துக்கு இணைப்புக் கிடைக்காதபோது தடை எங்கே என்று கண்டறிவது எப்படி?

ஜூன் 14-ஆம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் புறப்பட்டபோது, தங்கச்சிமடத்தில் நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் இறால் கொள்முதல் கடையில் படகுவாரிக் கணக்கு திறக்க மறுத்தது. அந்தக் கணக்கு அமேசானின் ஆர்டிஎஸ் (தரவுத்தளத்தை இணையவழி வாடகைக்குத் தரும் கிளவுட் சேவை) சேவையில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. கடையின் மடிக்கணினிக்கு இணையம் வருவதோ கைபேசி ஹாட்ஸ்பாட் வழியாக. மென்பொருள் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் முடிவுகட்டிவிட்டார். மென்பொருள் நன்றாகத்தான் இருந்தது. அன்று நான் பார்த்த வரிசையையே, புதிதாகக் கற்பவர்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

படி 1: பிழைச்செய்தியை முழுமையாக வாசியுங்கள்

பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். வெகுநேரம் காத்திருந்து ‘டைம்அவுட்’ என்று வந்தால், நீங்கள் அனுப்பிய கோரிக்கையை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் (எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்) பதிலே சொல்லாமல் கைவிட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உடனடியாக ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், ஏதோ ஒரு கணினி வரை கோரிக்கை போயிருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்) எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை. போர்ட் எண்ணைச் சரிபாருங்கள். போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமான எண் 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306.

கடவுச்சொல் தவறு என்று செய்தி வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், ஏனெனில் வலையமைப்பில் குறையே இல்லை. பலரைக் குழப்புவது ‘பிஜி எச்பிஏ’ (யார் இணையலாம் என்ற போஸ்ட்கிரெஸின் விதிப்பட்டியல்) பதிவு இல்லை, ‘நோ என்கிரிப்ஷன்’ என்று முடியும் செய்திதான். ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து, மறைகுறியாக்கம் இல்லாத இணைப்புகள் இயல்பாகவே மறுக்கப்படுகின்றன. இணைப்பு அமைப்பில் எஸ்எஸ்எல் (இணைப்பை மறைகுறியாக்கும் வழி) முறையை ‘ரிக்கொயர்’ என்று மாற்றினால் போதும். இதற்காக ஃபயர்வாலில் கை வைக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு வந்தது டைம்அவுட்.

படி 2: தரவுத்தளம் ஓடுகிறதா?

அமேசான் கன்சோலில் அதன் நிலை ‘அவைலபிள்’ என்று இருக்க வேண்டும். தடைக்காலத்தில் செலவை மிச்சப்படுத்த நிறுத்தி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிறுத்தப்பட்ட ஆர்டிஎஸ் தரவுத்தளம் 7 நாளில் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும், கட்டணமும் அதனுடன் ஓடும். நிறுத்தித் தொடங்கும்போது அதன் பொது ஐபி முகவரி மாறிவிடக்கூடும் என்பதால், மென்பொருளில் எண் முகவரியை எழுதி வைக்காமல் அமேசான் தரும் ‘எண்ட்பாயிண்ட்’ பெயரையே எழுதுங்கள்.

படி 3: பெயர் எந்த முகவரிக்குப் போகிறது?

கட்டளைத் திரையில் என்எஸ்லுக்அப் கட்டளையுடன் எண்ட்பாயிண்ட் பெயரைக் கொடுங்கள். விடை 10 என்றோ 172.31 என்றோ தொடங்கினால் அது அமேசானுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் தனியார் முகவரி; ‘பப்ளிக் ஆக்சஸ்’ அமைப்பு ‘நோ’ என்று இருக்கிறது என்று பொருள். அப்படியானால் பாம்பனிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ என்ன முயன்றாலும் நேரடியாக எட்ட முடியாது. படி 6-க்குச் செல்லுங்கள்.

படி 4: போர்ட்டைத் தனியாகச் சோதியுங்கள்

விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன், லினக்ஸில் என்சி ஆகிய கட்டளைகள் இதற்கு உதவும். பிங் (கணினி பதில் தருகிறதா என்று மட்டும் கேட்கும் கட்டளை) செய்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பிங்குக்குப் பதில் வராத தரவுத்தளம் 5432-இல் நன்றாகவே பதில் சொல்லக்கூடும். கல்லூரி அல்லது அலுவலக வைஃபையில் தோல்வியும் கைபேசி இணையத்தில் வெற்றியும் கிடைத்தால், அந்த வைஃபையில் வெளியே செல்லும் போர்ட்கள் மறிக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதன் முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம்.

படி 5: உங்கள் முகவரி அனுமதிப் பட்டியலில் உள்ளதா?

எங்கள் கடையின் சிக்கல் இங்கேதான் இருந்தது. தரவுத்தளத்துடன் இணைந்த ‘செக்யூரிட்டி குரூப்’ என்ற அமேசானின் ஃபயர்வாலில், உள்ளே வரும் இணைப்புகளுக்கான விதிகளைத் திறந்தால், 5432-க்கு ஏப்ரல் மாதத்து முகவரி ஒன்று மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. கைபேசி இணையத்தில் பொது முகவரி நிலையாக இருப்பதில்லை. கைபேசியை அணைத்துப் போட்டாலே மாறிவிடக்கூடும். போதாக்குறைக்கு, ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்ளும் முறையும் இந்த வலையமைப்புகளில் உண்டு. எனவே இன்று நீங்கள் அனுமதிக்கும் முகவரியில், முன்பின் தெரியாத வேறொருவரும் இருக்கலாம்.

விதியைத் திருத்தும்போது ‘சோர்ஸ்’ (எங்கிருந்து வரும் இணைப்பு) என்ற இடத்தில் ‘மை ஐபி’யைத் தேர்ந்தெடுத்தால் அமேசானே முகவரியை நிரப்பி, இறுதியில் /32 (அந்த ஒரு முகவரி மட்டும் என்று பொருள்) என்ற அளவையும் சேர்த்துவிடும், மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். கையால் எழுதுவதானால், மடிக்கணினி காட்டும் 192.168 என்று தொடங்கும் முகவரியை எழுதாதீர்கள், அது உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்குள் மட்டும் வழங்குவது. முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட முகவரி கிடைத்தால் அது ஐபிவி6. தரவுத்தளம் ஐபிவி4-இல் மட்டும் ஓடும்போது அதைச் சேர்ப்பதால் பயனில்லை.

0.0.0.0/0 என்று எழுதினால் உடனே வேலை செய்யும் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், உலகம் முழுவதற்கும் வேலை செய்யும். திறந்த போர்ட்களைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகக் கடவுச்சொற்களை முயன்றுகொண்டே இருக்கும். சோதனைக்காக ஐந்து நிமிடம் திறப்பதைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். மூட மறப்பது நம் அனைவருக்கும் பழக்கம்.

படி 6: முகவரி மாறிக்கொண்டே இருந்தால்

தினமும் விதியைத் திருத்துவது கடைக்காரரால் ஆகிற வேலையன்று. அமேசானுக்குள் சிறிய சர்வர் ஒன்றை வைத்து, அமேசானின் ‘செஷன் மேனேஜர்’ வசதியின் போர்ட் ஃபார்வர்டிங் (மடிக்கணினியின் ஒரு போர்ட்டை அந்தச் சர்வர் வழியாகத் தரவுத்தளத்துடன் இணைப்பது) மூலம் தரவுத்தளத்தை அடையலாம். இது 443-ஆம் போர்ட்டில் வெளியே செல்லும் இணைப்பாகவே நடப்பதால், சர்வரில் உள்வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. தரவுத்தளத்தின் செக்யூரிட்டி குரூப்பில் அந்தச் சர்வரை மட்டும் அனுமதித்தால் போதும், பப்ளிக் ஆக்சஸையும் நிறுத்திவிடலாம். அந்தச் சர்வருக்குச் சிறிது மாதச் செலவு உண்டு. எங்கள் கடையில் அன்று காலை ‘மை ஐபி’யால் சமாளித்து ஏலக் கணக்கை முடித்துவிட்டு, மாலையில் இந்த ஏற்பாட்டைச் செய்தேன், பழைய முகவரிக்கான விதியையும் அப்போதே நீக்கினேன்.