இழுவிசைச் சோதனையை மாணவர்களே செய்ய வைப்பது எப்படி?

யூடிஎம்-மை (கம்பியை இழுத்துச் சோதிக்கும் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின்) சுற்றி இருபது பேரை நிற்க வைத்து, ஒருவர் கம்பியை முறித்துக் காட்டினால் மாணவர்களுக்கு அந்தச் சத்தம்தான் நினைவில் நிற்கும். நாலைந்து பேருக்கு ஒரு கம்பி கொடுங்கள். அளப்பது முதல் வால்வு திறப்பது வரை அவர்கள் கையால்தான் நடக்க வேண்டும்.

கம்பி 10 மி.மீ. கருப்பு மைல்ட் ஸ்டீலாக இருக்கட்டும். பளபளக்கும் பிரைட் ராடு வேண்டாம். சூடாக்காமல் இழுத்துச் செய்தது அது. ஈல்டு பாயின்ட் (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம்) அதில் தெளிவாகத் தெரியாது. கருப்புக் கம்பி சரியான வட்டமாக இருக்காது என்பதால் மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக விட்டம் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

இயந்திரத்தைத் தொடும் முன் கணக்கு. பரப்பு 78.5 சதுர மி.மீ.; ஈல்டு 250 மெகா பாஸ்கல் என்றால் சுமார் 20 கிலோ நியூட்டன், உச்சம் (கம்பி தாங்கும் அதிகபட்சம்) 410 என்றால் 32. டயல் ரேஞ்சை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 40 கிலோ நியூட்டனில் வைத்தால், கம்பி சற்று வலுவாக இருந்தாலே முள் எல்லையைத் தொட்டுவிடும். 400-இல் வைத்தால் ஈல்டில் முள் தயங்குவது கண்ணில் படாது. 100 பொருத்தம்.

கேஜ் நீளம் (நீட்சியை அளக்கக் குறித்துக்கொள்ளும் பகுதி) 50 மி.மீ. எங்கே முறியும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் கம்பியைப் பிடிக்கும் தாடைகளுக்கு இடைப்பட்ட பகுதி முழுக்க 10 மி.மீ.க்கு ஒரு பஞ்ச் குறி, லேசாக. பம்பை ஓட்டி மேடையைச் சற்று உயர்த்திய பிறகே முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் மேடையின் எடையும் ரீடிங்கில் சேர்ந்துவிடும். தாடையின் நீளத்தில் முக்கால் பங்காவது கம்பியைப் பிடித்திருக்க வேண்டும். நுனியில் மட்டும் பிடித்தால் வழுக்கும்.

வால்வை மெதுவாகத் திறக்கட்டும். வேகமாக இழுத்தால் ஈல்டு உயர்ந்து காட்டும். முள் நின்று பின்வாங்கும்போது கம்பியின் மேல் செதில் உதிர்வதையும் காட்டுங்கள். பிறகு எல்லாரும் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும்.

இனி முக்கியமான பாடம். தாடை நகர்வை ஸ்கேலில் பார்த்து யங் குணகம் (தகைவை நீட்சி விகிதத்தால் வகுத்தது) கணக்கிடச் சொல்லுங்கள். 10 கிலோ நியூட்டனில் 1 மி.மீ. நகர்ந்தால் 6.4 கிகா பாஸ்கல் வரும். வர வேண்டியதோ சுமார் 200. ரெக்கார்டில் விடையைத் திருத்த விடாதீர்கள். 50 மி.மீ. கம்பி அந்தச் சுமையில் நீள்வது வெறும் 0.032 மி.மீ.; மீதியெல்லாம் தாடை வழுக்கலும், தாடைக்கும் குறிக்கும் இடைப்பட்ட கம்பியும், இயந்திரத்தின் நெளிவும். இதை அவர்களே கண்டுபிடித்த பிறகு, அடுத்த கம்பியில் கம்பியின் நீட்சியை நேரடியாக அளந்து 0.001 மி.மீ. வரை காட்டும் எக்ஸ்டென்சோமீட்டரை மாட்டி 15 கிலோ நியூட்டன் வரை ரீடிங் எடுக்கட்டும். ஈல்டுக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.