எந்த ஹென்றி? வெல்ஃப் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெல்ஃப் என்ற ஜெர்மன் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த சிங்க ஹென்றியின் (Henry the Lion) வாழ்க்கையைத் தமிழில் எழுதிப் பார்க்கும் புதியவர்கள் இரண்டு மூன்று பேர் அண்மையில் தங்கள் வரைவுகளை என்னிடம் காட்டினார்கள். 12-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பிரபுக்களைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே தவறுகள். ஊர்ப்பெயர் உச்சரிப்பெல்லாம் இருக்கட்டும், போகப் போகச் சரியாகிவிடும்.

பட்டத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். என் குறிப்பு அட்டைகளில் "ஹென்றி, சாக்சனி-பவேரியா டியூக்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அப்பா பெருமித ஹென்றியும் அந்த இரண்டு ஜெர்மன் பகுதிகளுக்கும் டியூக், அதாவது ஆளும் பிரபு; மகன் சிங்க ஹென்றியும் அப்படியே. அப்பாவிடமிருந்து 1138-இல் மன்னர் மூன்றாம் கொன்ராட் இரண்டையும் பறித்தார். மகனிடமிருந்து 1180-இல் பறித்தவர் கொன்ராடின் அண்ணன் மகன், பேரரசர் பிரெடரிக் பார்பரோசா. அட்டைகள் கலந்துபோயின. 1139-இல் இறந்த அப்பாவின் செய்திகள் மகன் கதைக்குள் நுழைந்துவிட, மூன்று மாத வேலையை முதலிலிருந்து செய்தேன்.

சரி, எண்ணை நம்பலாமா? அதுவும் கூடாது. சிங்க ஹென்றி சாக்சனியில் மூன்றாம் ஹென்றி, பவேரியாவில் பன்னிரண்டாம் ஹென்றி. பவேரியாவின் பதினோராம் ஹென்றி வேறு யாருமல்ல, அவருடைய விதவைத் தாய் கெர்ட்ரூட் 1142-இல் மணந்துகொண்ட ஹென்றி யாசோமிர்கோட். சிங்க ஹென்றியின் முதல் மனைவி கிளெமென்சியாவுக்குப் பிறந்த மகளும் கெர்ட்ரூட். 1168-இல் மணந்த மட்டில்டா இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகள், ஆக மாமனாரும் ஹென்றி. அப்புறம் மட்டில்டாவின் மூத்த மகனும் ஹென்றி! ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தந்தையின் பெயரையும் இறந்த ஆண்டையும் குறித்துவிடுங்கள். அன்றே செய்யுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

சிங்க ஹென்றி பிறந்த ஆண்டை அடித்துச் சொல்வது

வேண்டாம். 1129 முதல் 1135 வரை பல கணக்குகள் உண்டு.

கிளெமென்சியாவுடனான 1162 மணமுறிவைக் கணவன் மனைவி சண்டையாக எழுதுவது

நெருங்கிய இரத்த உறவு என்று காரணம் காட்டினார்கள். கிளெமென்சியா பிறந்த சேரிங்கன் குடும்பத்துக்கும் பார்பரோசாவுக்கும் அப்போது ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1180-உடன் எல்லாம் போயிற்று என்பது

போனவை பேரரசர் கொடுத்திருந்த பதவிகள். பிரவுன்ஷ்வைக், லூனபர்க் பகுதியின் சொந்தக் குடும்ப நிலங்கள் மிஞ்சின. 1182-இல் நாடு கடந்து மாமனாரிடம் போயிருந்த காலத்தில்தான் கடைசி மகன் வில்லியம் வின்செஸ்டரில் பிறந்தார். பேரரசர் ஆனவர் என்பதால் பலரும் இன்னொரு மகன் நான்காம் ஓட்டோவையே பின்தொடர்கிறார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. வில்லியத்தின் மகனும் ஓட்டோதான். 1235-இல் பிரவுன்ஷ்வைக்-லூனபர்க் டியூக் ஆனவர் அவரே. 1714-இல் பிரிட்டன் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜ் அந்த வழியில் வந்தவர்.